காரணம்: உடல்நலம்

அந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைத்தது ஆறு மாத ஒப்பந்த வேலை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போகும் மாணவர்கள் என்ன காரணத்தால் போகிறார்கள் என்று அளந்து சொல்ல வேண்டும். 'அளந்து' என்பது திட்டப் பிரிவு இயக்குநரின் வார்த்தை.

"ஏன் போறாங்கன்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்கம்மா. எனக்குக் கதை வேண்டாம். எந்தக் காரணம், எத்தனை சதவீதம். அவ்வளவுதான்" என்றார் முதல் நாள்.

எதைத் தொட்டாலும் சதவீதத்தில் கொண்டுபோய் நிறுத்துவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குச் சதவீதம் சார் என்றே பெயர். டீ எப்படி சார் இருக்கு என்று கேட்டால் "எழுபது" என்பாராம்.

எனக்கு மூன்றாம் மாடியில் ஓர் அறை ஒதுக்கினார்கள். பழைய கணினி ஒன்று, கால் ஆடும் மேசை ஒன்று, திறந்தால் மூடாத ஜன்னல் ஒன்று. ஐந்து வருடங்களில் விலகிப் போனவர்கள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பேர். விலகுகிற யாரானாலும் தன் புலத்தின் அலுவலக ஜன்னலில் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால்தான் பள்ளிச் சான்றிதழ்கள் கைக்குத் திரும்பும். அந்தப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். பணம், குடும்பம், வேலை, தேர்ச்சியின்மை, உடல்நலம், விருப்பமின்மை, பிற. ஏற்கெனவே எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி வைத்திருந்தார்கள். முதல் வாரத்திலேயே அட்டவணை போட்டுவிட்டேன்.

அறிவியல் புலத்தில்தான் இடித்தது. மற்ற புலங்களில் உடல்நலத்தைக் காரணம் காட்டியவர்கள் நூற்றுக்கு ஆறு பேர், மிஞ்சினால் ஏழு. அறிவியல் புலத்தில் விலகியவர்கள் முந்நூற்று ஐம்பது; அதில் இருநூற்றுப் பதினான்கு பேர் உடல்நலம். நூற்றுக்கு அறுபத்தொன்று.

முதலில் என் மீதே சந்தேகப்பட்டேன். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. அடுத்து தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். அறிவியல் புலத்து விடுதிக்குப் போய்த் தொட்டியின் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். விடுதிக் காப்பாளர் கீழே நின்றுகொண்டு, "எதுக்கும்மா பாக்கறீங்க? யாராவது புகார் குடுத்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தொட்டி சுத்தமாக இருந்தது. அதோடு, அந்த இருநூற்றுப் பதினான்கு பேரில் விடுதியில் தங்கியவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. ஆய்வுக்கூடத்து ரசாயனமோ என்று பார்த்தால், பாதிப் பேர் கணிதம் படித்தவர்கள். சாக்பீஸ் தூசியைத் தவிர வேறெதையும் அவர்கள் மூச்சில் இழுத்திருக்க வழியில்லை.

அதன் பிறகுதான் மூலப் படிவங்களையே பார்த்துவிடுவது என்று நிலவறைக்கு இறங்கினேன். அங்கே படிவங்கள் புலவாரியாகக் கட்டுக் கட்டாக நாடாவில் கட்டிக் கிடந்தன. அறிவியல் புலத்துக் கட்டைப் பிரித்து, உடல்நலம் என்றிருந்தவற்றில் பத்தாவது தாள் வரை புரட்டியபோதே மூக்கு வியர்த்தது. பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் விதவிதமான கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில் மட்டும் ஒரே கை. வலப்பக்கம் சாய்ந்த, நெருக்கமான, அழகான எழுத்து. நோய்களுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதுகு வலி, ஒற்றைத் தலைவலி, ரத்தசோகை, குடல் புண். திரும்ப முதுகு வலி, ஒற்றைத் தலைவலி, ரத்தசோகை, குடல் புண். பஸ் வருவதைப் போல முறை வைத்து வந்தன. ஒரு வாரத்தில் மட்டும் தொடர்ந்து நான்கு பேருக்கு வலது முழங்காலில் வலி. ஒவ்வொரு படிவத்துடனும் பல்கலைக்கழக மருத்துவரின் சான்று இணைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து.

அந்தச் சாய்ந்த எழுத்து யாருடையது என்று கண்டுபிடிக்க நான் துப்பறியத் தேவையிருக்கவில்லை. அறிவியல் புலத்து அலுவலக ஜன்னலுக்கு வெளியே 'மதிய இடைவேளை 1 முதல் 1.30' என்று ஒட்டியிருந்த தாளில் அதே எழுத்து இருந்தது.

ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரை மாணவர்கள் முத்திரையக்கா என்று கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி. முத்திரையை மைத்திண்டில் இரண்டு முறை ஒற்றி, தாளின் மீது ஒரே குத்து. குத்திய பிறகு தலையைத் தூக்கி எதிரே நிற்பவர் முகத்தை ஒரு கணம் பார்ப்பார். நான் வரிசையில் நிற்பதுபோல நின்று அரை மணி நேரம் கவனித்தேன். என் முறை வந்ததும், "என்ன வேணும்?" என்றார்.

"ஒண்ணுமில்ல மேடம். திட்டப் பிரிவுல இருந்து வந்திருக்கேன். விலகல் படிவம் பத்திக் கொஞ்சம்…"

"எழுத்து மூலமாக் கேளுங்க. எழுத்து மூலமாச் சொல்றேன்" என்றார். எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "அடுத்தது" என்றார்.

மறுநாள் நிலவறைக்குப் போனபோது அறிவியல் புலத்துக் கட்டுகளில் ஒன்று குறைந்தது. கடைசி இரண்டு வருடங்களுக்கான கட்டு. பதிவறைக்காரரைக் கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தபடி, "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றார். நாடா கட்டிய முழுக் கட்டை இழுத்துக்கொண்டு போகிற எலி எப்படி இருக்கும் என்று யோசித்தபடியே மாடி ஏறினேன். அன்று முதல் எனக்கு டீ கொண்டுவருகிறவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் தட்டச்சர் அறையைத் தாண்டும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் அடங்கியது. நான் ஒருத்தியைச் சந்தேகப்பட ஆரம்பித்ததும், அந்தக் கட்டடமே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டது.

மருத்துவரையும் பார்த்துவிடலாம் என்று மருத்துவ அறைக்குப் போனேன். வயதானவர். எதையோ எழுதிக்கொண்டிருந்தார். முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "தலைவலி டாக்டர்" என்றேன்.

அவர் நிமிரவே இல்லை. இழுப்பறையைத் திறந்து அச்சடித்த தாளொன்றை எடுத்தபடி, "ஒரு வருஷமா, ரெண்டு வருஷமா?" என்றார்.

"நேத்துல இருந்துதான்."

பேனா நின்றது. அப்போதுதான் என்னைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய ஊழியர் அட்டையைப் பார்த்தார். தாள் மெதுவாக இழுப்பறைக்குள் திரும்பிப் போனது. "தண்ணி நிறைய குடிங்க" என்று இரண்டு மாத்திரை கொடுத்தார். என் கையில் மாத்திரை இருந்தது, மனதில் வழக்கே முடிந்துவிட்டது. இரண்டு பேரும் கூட்டு. பிள்ளைகளுக்குப் பொய்யாக நோய்ச் சான்று கொடுத்து ஏதோ லாபம் பார்க்கிறார்கள். என்ன லாபம் என்பதுதான் பிடிபடவில்லை.

கணினியில் ஏற்றியிருந்த தொலைபேசி எண்களுக்குக் கூப்பிட ஆரம்பித்தேன். முப்பது பேரைக் கூப்பிட்டதில் பதினோரு பேர் எடுத்தார்கள். பல்கலைக்கழகம் என்றதும் எல்லோர் குரலும் ஒரு படி கீழே இறங்கியது. "என் நம்பர் யார் குடுத்தா?" என்றார் ஒருவர். "சர்ட்டிபிகேட்ட திரும்பக் கேப்பீங்களா?" என்றார் இன்னொருவர். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஒரு பெண் மட்டும் கொஞ்சம் பேசினாள். இப்போது முதுகு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"முதுகு வலியா? எனக்கு எங்க முதுகு வலி…" என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஆமா, இருந்துச்சு. ரொம்ப இருந்துச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்கு இது போதுமானதாக இருந்தது. வியாழக்கிழமை மாலை சதவீதம் சாருக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினேன். அறிவியல் புலத்தில் விலகல் படிவங்கள் அலுவலக ஊழியரால் பொய்யாக நிரப்பப்படுவதாகத் தெரிகிறது, மருத்துவருக்கும் பங்கு இருக்கலாம், ஒரு கட்டு காணவில்லை, விசாரணை தேவை. அனுப்பிவிட்டுக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

நான் அண்ணன் அண்ணியோடு இருக்கிறேன். அண்ணன் ஃபிரிட்ஜ், ஏசி பழுதுபார்ப்பவன். பதினாறு வருடங்களுக்கு முன் கல்லூரி இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டவன். அதற்கு எங்கள் வீட்டில் சொல்லப்படும் காரணம் மஞ்சள் காமாலை. எனக்கு அப்போது பத்து வயது. யார் கேட்டாலும் அம்மா அதைத்தான் சொல்வாள். நானும் பள்ளியில் அதைத்தான் சொன்னேன்.

அன்று சாப்பிடும்போது நடந்ததையெல்லாம் சொன்னேன். முறை வைத்து வரும் முதுகு வலியைச் சொன்னபோது அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை.

"அந்தப் பிள்ளைங்க நிஜமா எதுக்குப் போனாங்களாம்?" என்றான்.

"அதைத்தான் மறைச்சிட்டாங்களே. அதுதானே என் பிரச்சினை."

தண்ணீர்ச் செம்பை எடுத்து ஒரு வாய் குடித்தான். பிறகு, "எனக்குக் காமாலை வந்தது காலேஜ விட்டு ரெண்டு மாசம் கழிச்சு" என்றான்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "பன்னெண்டு வருஷமா கூட இருக்கேன். எங்கிட்டகூடச் சொல்லலையே!"

"அப்ப எதுக்குண்ணா விட்டே?" என்றேன்.

"எங்க விட்டேன்? ஒரு நாள் போகல, அவ்வளவுதான். செவ்வாக்கிழமை. பஸ்ஸ விட்டுட்டேன். மறுநாள் போனா நேத்து ஏன் வரலன்னு கேப்பாங்களேன்னு போகல. மூணாவது நாள் போனா ரெண்டு நாளுக்குப் பதில் சொல்லணும். அப்புறம் ஒரு வாரத்துக்கு. பார்க்குல உக்காந்துட்டு சாயந்திரம் வீட்டுக்கு வருவேன். பதில் பெருசாயிட்டே போச்சு. ஒரு கட்டத்துக்கு மேல அவ்வளவு பெரிய பதில் எங்கிட்ட இல்ல."

"பரீட்சை பயமா? பாடம் புரியலையா?"

"கொஞ்சம் புரியல. எல்லாருக்கும்தான் கொஞ்சம் புரியல." தட்டில் விரலால் கோடு கிழித்தான். "காமாலைன்னு டாக்டர் சொன்னப்ப எனக்கு வந்த நிம்மதி இருக்கே, உனக்குச் சொன்னாப் புரியாது. அப்பாடா, ஒரு காரணம் கிடைச்சிடுச்சுன்னு இருந்துச்சு."

அண்ணி அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். ஏழு கட்டங்களில் எந்தக் கட்டத்தில் அண்ணனைப் போடுவது என்று படுத்த பிறகும் யோசித்தேன். அனுப்பிய குறிப்பு முதல் தடவையாக உறுத்தியது. நான் யாரையும் நேரில் கேட்கவே இல்லை. எழுத்தைப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன், முடிவுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நேராக அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். சின்னக் கடை. கல்லாவில் முதலாளி. கண் பரிசோதனை நாற்காலிக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண். நான் யாரென்று மெல்லிய குரலில் சொன்னதும் அவள் முகம் மாறியது. முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உக்காருங்க மேடம், செக் பண்ணிடலாம்" என்று சத்தமாகச் சொல்லி என்னை நாற்காலியில் உட்காரவைத்து மூக்கின் மீது கனமான சட்டத்தை மாட்டினாள். கண்ணாடி வில்லையை மாற்றுகிற சாக்கில் காதருகே குனிந்தாள். "இங்க எதுக்கு வந்தீங்க? மேல் வரிசையப் படிங்க."

படித்தேன். "உங்களுக்கு முதுகு வலி இல்லதானே?" என்றேன்.

"நான் எதுவும் சொல்ல மாட்டேன். ரெண்டாவது வரிசை."

"உங்கள மாட்டிவிட வரல. எதுக்கு நின்னீங்கன்னு தெரியணும், அவ்வளவுதான்."

அவள் இரண்டு வில்லைகளை மாற்றிப் போட்டாள். எழுத்துகள் மங்கின, தெளிந்தன. "முதல் வருஷக் கணக்குப் பேப்பர் ரெண்டு தடவை போச்சு. வகுப்புல இருநூறு பேர். மூணு மாசம் போகாம இருந்தேன். ஒருத்தர்கூடக் கவனிக்கல. சர்ட்டிபிகேட் வாங்கப் போனப்ப அக்கா ஒருத்தங்கதான் ஏன்னு கேட்டாங்க. 'தேர்ச்சியின்மை'ன்னு நானே எழுதியிருந்தேன். அந்தத் தாளக் கிழிச்சிட்டு வேற தாள் குடுத்து, காரணத்த மட்டும் எழுதாதேன்னாங்க."

"ஏன்?"

"உங்களுக்கே தெரியாதா?" உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். "உடம்பு சரியில்லன்னு போனவங்க மட்டும்தான் ரெண்டு வருஷத்துக்குள்ள திரும்பிப் போகலாம். விட்ட இடத்துல இருந்து. மத்த எந்தக் காரணம் எழுதினாலும் மறுபடி நுழைவுத் தேர்வு, மறுபடி முதல் வருஷம். அது விதி. வர்ற மாசம் நான் திரும்பச் சேர்றேன் மேடம். கணக்குக்கு ஒருத்தர்கிட்டத் தனியாப் படிச்சிட்டிருக்கேன். எனக்கு இன்னும் நாலு மாசம்தான் கெடு இருக்கு." பிறகு சட்டத்தைக் கழற்றியபடி, முதலாளிக்குக் கேட்கும்படி, "உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

வெளியே வந்து கடை வாசலிலேயே நின்றேன். அந்த விதியை நான் படித்திருக்கிறேன். விதிப் புத்தகத்தில் எங்கோ நாற்பதாம் பக்கத்துக்கு மேல் இருந்தது. விலகுவதைப் பற்றித்தான் என் வேலை, திரும்புவதைப் பற்றி இல்லை என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தேன்.

மாலை ஐந்து மணிக்கு அறிவியல் புலத்து ஜன்னலுக்குப் போனேன். வரிசை முடிந்திருந்தது. முத்திரையக்கா மைத்திண்டை மூடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "விசாரணைக் கடிதம் மத்தியானமே வந்திடுச்சு. திங்கக்கிழமை பதினோரு மணி. இப்ப நேர்ல வேற பாக்கணுமா?" என்றார்.

"எனக்குத் தெரியாது மேடம். விதி இப்பதான் தெரிஞ்சுது. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன்."

"தெரிஞ்சுக்காம எழுதிட்டே." நீங்க போய் நீ வந்திருந்தது. அவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டார். அது அன்பினால் இல்லை. வராந்தாவில் யாரோ நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"ஒம்போது வருஷம் முன்ன ஒரு பொண்ணு 'விருப்பமின்மை'ன்னு எழுதிக் குடுத்தா. முத்திரை குத்தினேன். நாலு மாசத்துல திரும்பி வந்து இதே ஜன்னல்ல நின்னா. என்னால ஒண்ணும் செய்ய முடியல. விதியக் காட்டினேன். அவ அழல, ஒண்ணும் பண்ணல. சரிக்கான்னு சொல்லிட்டுப் போயிட்டா. அந்த 'விருப்பமின்மை'ங்கற வார்த்தைய அவ நிஜமா நினைச்சு எழுதல. ஏதோ ஒண்ணு எழுதணுமேன்னு எழுதினா. அதுக்கப்புறம், திரும்பி வருவாங்கன்னு தோணற பிள்ளைங்களுக்கு அந்தக் கட்டத்த நானே எழுத ஆரம்பிச்சேன்."

"டாக்டர்?"

"ஒரு மாசம் சண்டை போட்டாரு. அப்புறம் ஒத்துக்கிட்டாரு. வேற எதாவது சந்தேகம் இருக்கா? நாங்க என்ன வாங்கினோம்னு கேளு."

முகம் சூடேறியது. ஆனாலும் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "இருநூத்திப் பதினாலு பேரு உடம்பு சரியில்லாமப் போனாங்கன்னு அஞ்சு வருஷமா மேல நம்பிட்டிருக்காங்க மேடம். போன வருஷம் மருத்துவ அறைக்குப் பக்கத்துல புதுசா ஒரு கட்டடம்கூடக் கட்டினாங்க. முதல் வருஷக் கணக்குல எத்தனை பேரு விழறாங்கன்னு யாருக்குமே தெரியாமப் போச்சு. அதைச் சரி பண்ணியிருந்தா எத்தனை பேரு போகாமலே இருந்திருப்பாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "தெரிஞ்சிருந்தா சரி பண்ணியிருப்பாங்களா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல. எதிர்ல நிக்கற பிள்ளைக்கு என்ன செய்யணும்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சுது." மேசைக்கடியிலிருந்து நாடா கட்டிய கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். நிலவறையில் காணாமல் போன கட்டு. "எடுத்தது நான்தான். இதுல முப்பத்தெட்டுப் பேருக்கு இன்னும் கெடு முடியல. படிவம் பொய்னு திங்கக்கிழமை முடிவு பண்ணாங்கன்னா இந்த முப்பத்தெட்டும் செல்லாது. இதக் கொண்டுபோய்க் குடுத்து நல்ல பேர வாங்கிக்கோ."

கட்டை எடுத்துக்கொண்டு போனேன். யாரிடமும் கொடுக்கவில்லை.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, விலகியவர்கள் பட்டியலையும் மறுசேர்க்கைப் பதிவேடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். இதுவரை யாரும் அதைச் செய்திருக்கவில்லை. போனவர்களை எண்ணுகிற பிரிவு ஒன்று, சேர்ந்தவர்களை எண்ணுகிற பிரிவு வேறொன்று. இரண்டும் ஒரே மாடியில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தான். பல்கலைக்கழக வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வரத் தயங்கிப் போன் பண்ணினான். நான் இறங்கிப் போய் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே சதவீதம் சார் அறை வாசலில் நின்றேன். "குறிப்புல ஒரு தப்பு இருக்கு சார்" என்றேன்.

"படிவங்க பொய்தானே?"

"பொய்தான். ஆனா நான் தப்பான கேள்விய அளந்துட்டேன்." தாளை நீட்டினேன். "மத்த புலங்கள்ல விலகினவங்க ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு பேரு. அதுல திரும்பி வந்து சேர்ந்தவங்க இருபத்தொம்போது. அறிவியல் புலத்துல அந்த இருநூத்திப் பதினாலு பேர்ல அறுபத்தேழு பேரு திரும்பி வந்திருக்காங்க. அதுல ஐம்பத்திரண்டு பேரு பட்டம் வாங்கிட்டாங்க."

அவர் உதடு அசைந்தது. "ஒண்ணரை சதவீதம். முப்பத்தொண்ணு சதவீதம்." நாற்காலியில் நிமிர்ந்தார். "என்கிட்ட இருக்கற எந்தத் திட்டத்துக்கும் இந்த மாதிரி எண் வரலையே. இது எந்தத் திட்டம்?"

"திட்டம் இல்ல சார். ஒரு ஜன்னல்ல ஒருத்தங்க."

அவர் தாளை மேலிருந்து கீழே இன்னொரு முறை படித்தார். என்னைப் பார்த்த பார்வையிலும் சந்தேகம் இருந்தது. வியாழக்கிழமை விசாரணை கேட்டவள் திங்கட்கிழமை வக்காலத்து வாங்குகிறாள். இடையில் என்ன நடந்தது என்று அவர் நினைத்திருக்கலாம். "காணாமப் போன கட்டு?" என்றார்.

"கிடைச்சிடுச்சு. என் அறையில இருக்கு."

"எப்படிக் கிடைச்சுது?"

"இருந்த இடத்துலயே இருந்துச்சு சார். நான்தான் சரியாத் தேடல." அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

விசாரணை நடந்தது. நிறுத்த முடியவில்லை, குறிப்பு என் பெயரில் கோப்பில் ஏறிவிட்டது. முத்திரையக்கா எதையும் மறுக்கவில்லை. எத்தனை படிவம் என்று கேட்டதற்கு, "நான் எண்ணல. எண்ணறதுக்கு ஆள் வெச்சிருக்கீங்களே" என்றாராம். மருத்துவர் அந்த வாரமே வேலையை விட்டு விலகினார். அவர் என்ன காரணம் எழுதிக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. முத்திரையக்காவை அறிவியல் புலத்திலிருந்து எடுத்து, வளாகத்தின் பின்புறம் இருக்கும் எழுதுபொருள் கிடங்குக்கு மாற்றினார்கள்.

ஆனால் முப்பத்தெட்டுப் பேரின் படிவங்களில் யாரும் கை வைக்கவில்லை. சதவீதம் சார் அந்த இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு விதிகளை முடிவு செய்யும் குழுவுக்குள் போனார். மூன்று கூட்டங்கள் நடந்தன. கடைசியில், எந்தக் காரணத்தால் விலகினாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று விதியை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். முதல் வருடக் கணக்கு வகுப்பை நான்காகப் பிரிக்க வேண்டும் என்று நான் எழுதியதைப் 'பரிசீலனைக்குரியது' என்று ஒதுக்கி வைத்தார்கள். கண்ணாடிக் கடைப் பெண் சேர்ந்துவிட்டாள். ஒரு நாள் வராந்தாவில் எதிரே வந்தாள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

என் ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது இறுதி அறிக்கையின் ஒரு படியை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். தகரக் கூரை. தாள் கட்டுகள், மைப் புட்டிகள், ஒட்டுப் பசை வாடை. முத்திரையக்கா ஏணியில் நின்று மேல் தட்டில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் மேடம். அறிக்கை முடிஞ்சிடுச்சு. உங்களுக்குக் காட்டணும்னு…"

"எதுக்கு? மறுபடி எதாவது கையெழுத்து வேணுமா?"

"இல்ல."

அவர் இறங்கி வந்து அறிக்கையை வாங்கினார். முன்னுரையைத் தள்ளினார். படங்களைத் தள்ளினார். அந்த அட்டவணை இருந்த பக்கத்தில் விரலை வைத்தார். 'அறுபத்தேழு' என்ற எண்ணின் மீது விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் பழைய சந்தேகம் கொஞ்சமும் குறையவில்லை.

"இது தப்பு" என்றார்.

"பதிவேட்ட ரெண்டு தடவை பாத்தேன் மேடம்."

"பதிவேட்டப் பாத்திருப்பே. அறுபத்தொம்போது பேரு. ரெண்டு பேரு மாலை வகுப்புக்கு மாறிச் சேர்ந்தாங்க, அதுக்குப் பதிவேடு தனி. ஒருத்தன் ரத்தசோகை, ஒருத்தி முழங்கால். அவ இப்ப எங்கயோ டீச்சரா இருக்கா." இரண்டு பேரின் சேர்க்கை எண்களையும் எதையும் பார்க்காமல் சொன்னார். நான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

"நான் எண்ணலன்னு விசாரணையில சொன்னீங்களாமே" என்றேன்.

"உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட வேற என்ன சொல்றது?" அறிக்கையை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "திருத்திக் கொண்டு வா. அப்புறம் படிக்கிறேன்."

மீண்டும் ஏணியில் ஏறி, விட்ட பெட்டியிலிருந்து எண்ணத் தொடங்கினார். நான் மாலை வகுப்பு அலுவலகம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று வேகமாக நடந்தேன். இரண்டு சேர்க்கை எண்களும் அவர் சொன்னபடியே அங்கே இருந்தன.